மூணு சக்கர பைக்கோடு பேரணிக்குக் கிளம்பறீங்களா? ஆர்.சி.யை ஒரு தடவை பார்த்துடுங்க!

எந்த பைக் பேரணிக்குப் போனாலும் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். லட்சக்கணக்கில் விலை போகும் வண்டிகள் பளபளன்னு வரிசையா நிற்கும். ஆனால் கூட்டம் கூடுவது பெரும்பாலும் ஒரு ஓரத்தில், யாரோ ஒருவர் பார்த்துப் பார்த்துச் செய்து கொண்டுவந்த மூன்று சக்கர வண்டியைச் சுற்றித்தான். "அண்ணே, இதை எங்க பண்ணீங்க?", "ரிவர்ஸ் இருக்கா?", "மொத்தம் எவ்வளவு ஆச்சு?" இந்த மூன்று கேள்விகளை எல்லாரும் கேட்பார்கள். நாலாவது கேள்வி ஒன்று இருக்கிறது: "ஆர்.சி.யில ஏத்திட்டீங்களா?" இதைக் கேட்பவர் சோதனையில் நிற்கும் காவலர் மட்டும்தான். இல்லையென்றால், விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி.

இந்தக் கட்டுரை அந்த நாலாவது கேள்வியைப் பற்றியது.

வேலூரில் இருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், பாகாயம், அடுக்கம்பாறை தாண்டினால் கணியம்பாடி. ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் அமிர்திக்குப் போகிற பைக்குகள் இந்தப் பக்கமாகத்தான் திரும்பும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடையில் நின்றால் ஹெல்மெட்டில் கேமரா மாட்டிய இளைஞர்களைப் பார்க்கலாம். அதே சாலையில் பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களும் சத்தமில்லாமல் ஓடுகின்றன. வேலைக்கு, கல்லூரிக்கு, ஆஸ்பத்திரிக்கு. பார்வை முதல் வகை வண்டி மேல்தான் விழும். நமக்கு இரண்டாவது வகைதான் முக்கியம்.

அதற்கு ஒரு உள்ளூர்க் காரணமும் இருக்கிறது. 1954இல் நடந்த ஒரு வாகன விபத்தில் வேலூர் சி.எம்.சி.யின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸுக்கு இடுப்புக்குக் கீழே செயல் போனது. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவருடைய முயற்சியால் 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மறுபடியும் ஊருக்குள் நடமாடும் வாழ்க்கை சாத்தியம் என்று இந்தியாவிலேயே முன்கூட்டிக் காட்டிய இடங்களில் ஒன்று, கணியம்பாடியில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஊருக்குள் நடமாட வேண்டுமென்றால் வண்டி வேண்டுமே!

மூணு சக்கரம்னு சொல்றோம், எண்ணிப் பார்த்தா நாலு

நம்ம ஊரில் "மூணு சக்கர ஸ்கூட்டர்" என்று சொல்வதில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையில் நாலு சக்கரம். முன்னால் ஒன்று, கம்பெனி கொடுத்த பின் சக்கரம் ஒன்று, அதற்கு இரண்டு பக்கமும் ஒரு சட்டத்தில் பொருத்திய துணைச் சக்கரங்கள் இரண்டு. அரசு ஆவணங்களில் இதை "இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்" என்று எழுதுகிறார்கள். அதுதான் சரியான பெயரும்கூட.

நிஜமான மூன்று சக்கர பைக் வேறு. பின் சக்கரத்தையே எடுத்துவிட்டு ஒரு அச்சில் இரண்டு சக்கரம் போடுவது. அமெரிக்காவில் ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் 1932 முதல் 1973 வரை 'சர்வி-கார்' என்ற பெயரில் இப்படி ஒரு வண்டியைத் தயாரித்தது. போலீஸ், மெக்கானிக் கடை, டெலிவரி எல்லாத்துக்கும் ஓடியது. குஜராத்தின் 'சக்கடா' புல்லட்டின் முன்பாதியோடு பிறந்த வண்டி. சென்னையில் மீன்பாடி வண்டி தெரியாதவர் உண்டா? பழைய பைக் இன்ஜினை மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் மாட்டியது. அனுமதி இல்லாததால் போலீஸில் மாட்டிக்கொண்டே இருக்கும் வண்டியும் அதுதான்.

ஓட்டும் முறையிலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இதைப் பேரணிக்குப் போகிறவர்கள் கட்டாயம் புரிஞ்சுக்கணும். இரண்டு சக்கர வண்டி வளைவில் சாயும், அந்தச் சாய்வுதான் அதைத் திருப்புகிறது. பக்கச் சக்கரம் போட்டவுடன் வண்டி சாயாது. ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பித்தான் ஆகணும். வேகமாக வளைத்தால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். சமவெளியில் நாப்பதில் போகும்போது தெரியாத இந்தக் குணம், மலை ஏறும் கொண்டை ஊசி வளைவில் நன்றாகவே தெரியும். இன்னொன்று, பல கிட்டுகளில் துணைச் சக்கரங்களுக்குத் தனி பிரேக் கிடையாது. இறக்கத்தில் மொத்த எடையையும் தாங்குவது பழைய பிரேக்தான். இரண்டு சக்கர நண்பர்கள் போகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க நினைக்காதீங்க. அவங்க உங்க வேகத்துக்கு வரட்டும்.

சட்டம் என்ன சொல்லுது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுதான் இதில் எல்லாமே. ஆர்.சி.யில் இருக்கிற விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களோடு பொருந்தாமல் போகும்படி வண்டியை யாரும் மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. ஆசைக்காக ஒரு புல்லட்டை வெட்டி ஒட்டி மூன்று சக்கரமாக மாற்றி ரோட்டில் ஓட்டினால், 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனிங்க. சக்கரம், சைலன்சர், ஹேண்டில்பார் என்று தனித்தனியாக எண்ண ஆரம்பித்தால் பேரணிச் செலவைவிட அதிகமாகிவிடும்.

ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கு இதே பிரிவில் ஒரு கதவு திறந்திருக்கிறது. முன்பு சட்டத்தில் 'இன்வேலிட் காரியேஜ்' என்று ஒரு வகை இருந்தது. பெயரே மனசுக்குக் கஷ்டமானது. அதைவிடக் கஷ்டம் அதன் விளக்கம்: அந்த வண்டி அதற்கென்றே வடிவமைத்துக் கட்டியதாக இருக்கணும், "வெறுமனே மாற்றியமைத்ததாக" இருக்கக் கூடாது. அதாவது கடையில் வாங்கிய ஸ்கூட்டரில் பக்கச் சக்கரம் போட்டுக்கொண்ட ஒருவர், எழுத்துப்படி பார்த்தால் அந்த வகைக்குள் வரவே மாட்டார். 2019இல் வந்த திருத்தச் சட்டம் அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'அடாப்டட் வெஹிக்கிள்', அதாவது தகவமைக்கப்பட்ட வாகனம் என்று வைத்தது. மாற்றியமைத்த வண்டியையும் அதற்குள் சேர்த்தது. இதைவிட முக்கியமான ஒரு விஷயம்: இப்படி மாற்றுவதற்கு முன் அனுமதி தேவையில்லை. மாற்றிவிட்டுப் பதிவு அதிகாரியிடம் ஒப்புதல் வாங்கினால் போதும். மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

"அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவதுதான் பிரச்சினையே. ஆர்.சி.யில் ஏறாத மாற்றத்தோடு விபத்து நடந்தால், உங்கள் வண்டியின் சேதத்துக்கான இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்க வாய்ப்பு இருக்கிறது. எதிரே வந்தவருக்குக் கொடுத்த தொகையை உங்களிடமே திரும்பக் கேட்கவும் வழக்குப் போகலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. மாற்றம் ஆர்.சி.யில் பதிவாகியிருந்தால், மோட்டார் காப்பீட்டு விதிகளில் மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைத்த வண்டிக்குச் சொந்த சேதப் பிரிவு ப்ரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடிக்கு இடம் இருக்கிறது. ஏஜெண்ட் தானாகச் சொல்வது அபூர்வம். நீங்களே கேளுங்க.

அந்தச் சட்டத்தில் இன்னொரு சொல்லையும் படிக்கணும்: தகவமைக்கப்பட்ட வாகனம் அந்த மாற்றுத்திறனாளியால் அல்லது அவருக்காக மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும். "தம்பி, நீ ஓட்டிட்டுப் போய் பேரணியில காட்டிட்டு வா" என்று சாவியைக் கொடுத்தால், அந்த வண்டிக்கு சட்டம் கொடுத்த பாதுகாப்பு அங்கேயே போய்விடும். ஓட்டப் போகிறவர் நீங்களாகத்தான் இருக்கணும்.

சரி, எங்கே போகணும்?

கணியம்பாடி பகுதிக்காரர்களுக்கு வேலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். உங்கள் வண்டி நம்பர் 'டிஎன் 23' என்று தொடங்குகிறதா? அதே அலுவலகம்தான். பரிவாகன் இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கான சேவையைத் தேர்ந்தெடுத்து, ஆர்.சி. எண், சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்கள், மொபைலுக்கு வரும் ஓ.டி.பி. கொடுத்தால் விண்ணப்பம் திறக்கும். ஆர்.சி.யில் இருக்கிற மொபைல் நம்பர் பழசாக இருந்தால் முதலில் அதை மாத்துங்க, இல்லாட்டி ஓ.டி.பி. வேற யாருக்கோ போயிடும். பிறகு வண்டியை நேரில் கொண்டுபோய் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். கிட் வாங்கிய ரசீது, கிட்டுக்கு அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் கொடுத்த சான்றின் நகல், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இன்சூரன்ஸ் எல்லாம் கையில் இருக்கட்டும். வண்டி கடனில் வாங்கியதென்றால் வங்கியின் சம்மதமும் வேண்டும்.

சோதனைச் சான்று விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்க. புனேவில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., நம்ம ஓரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற மையங்கள் சோதித்த கிட் என்றால் ஆய்வாளர் கேள்வி குறையும். தெரிந்த வெல்டிங் பட்டறையில் பாதி விலைக்குச் செய்து தருவார்கள்தான். ஆனால் வெல்டு விட்டுப்போவது கடையில் நிற்கும்போது நடக்காது, குழியில் இறங்கும்போதுதான் நடக்கும். விலை பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு தகவல்: மாற்றுத்திறனாளிகளின் வாகனங்களுக்கான இந்த கிட்டுகளுக்கு ஜி.எஸ்.டி.யை 5 சதவீதமாகக் குறைக்க 2021 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்தது. ரசீதில் எவ்வளவு போட்டிருக்காங்கன்னு பாருங்க. தமிழ்நாட்டில் இப்படி மாற்றியமைத்த வண்டிக்குச் சாலை வரி விலக்கும் உண்டு.

ஓட்டுநர் உரிமத்தை மறந்துவிடுவார்கள் பலர். உரிமத்திலும் 'அடாப்டட் வெஹிக்கிள்' வகை தனியாக இருக்கணும். டெஸ்ட்டை உங்கள் சொந்த வண்டியிலேயே கொடுக்கலாம். விபத்துக்கு முன்பு சாதாரண பைக் லைசென்ஸ் வைத்திருந்தவர்கள், "அதான் இருக்கே" என்று இருந்துவிடாதீர்கள்.

அடையாள அட்டை இன்னும் வாங்காதவர்களுக்கு: யு.டி.ஐ.டி. அட்டைக்கு ஆன்லைனிலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். மருத்துவப் பரிசோதனைக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.

இதெல்லாம் கைக்காசில் செய்பவர்களுக்கு. இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டு, இரண்டு கைகளும் நன்றாக இயங்குபவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இலவசமாகவே வழங்குகிறது. படிப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், சுயதொழில் செய்பவர்களுக்கு முன்னுரிமை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் திட்டத்தின் வயது வரம்பு முன்பு இருந்ததைவிட உயர்த்தப்பட்டிருக்கிறது. ஒரு தடவை "வயசு ஆயிடுச்சு"ன்னு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடியும் போய்க் கேளுங்க.

பேரணி நாளில்

பேரணி என்றதும் 2013இல் கோவாவில் தொடங்கிய இந்தியா பைக் வீக் மாதிரி பெரிய விழாதான் என்று நினைக்க வேண்டாம். தேர்தல் நேரத்தில் வாக்காளர் விழிப்புணர்வுக்காகப் பல மாவட்டங்களில் ஆட்சியர்கள் கொடியசைத்துத் தொடங்கிவைப்பது இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் பேரணியைத்தான். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்திலும் நடக்கும்.

ஏற்பாட்டாளர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, போலீஸ் அனுமதி வாங்கியாச்சா என்பது. இரண்டாவது, கழிப்பறையும் சாய்தளமும் இருக்கிறதா என்பது. வண்டியைக் காட்சிக்கு வையுங்கள் என்று கூப்பிடுவார்கள், வண்டியை விட்டு இறங்கினால் போக வழி இருக்காது. பக்கச் சக்கரத்தோடு வண்டியின் அகலமும் கூடியிருக்கும், அதனால் நுழைவாயில் தடுப்புகளுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் உங்களுக்கும் பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம். துணைச் சக்கரம் இருக்கிறதே, விழ மாட்டோமே என்பது காரணம் ஆகாது. வழியில் "யார் முதல்ல போறா பார்ப்போம்" என்று யாராவது ஆரம்பித்தால் ஒதுங்கிவிடுங்கள். அனுமதியில்லாத ரேஸுக்கு 189ஆவது பிரிவு தனியாக இருக்கிறது. ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ இறக்கி வைத்துக்கொண்டால் காகிதம் தேட வேண்டாம். மலையடிவாரத்தில் சிக்னல் போய்விடும், அதனால் வீட்டிலேயே இறக்கிடுங்க.

ஆசைக்காக மூன்று சக்கர பைக் கட்டிய மற்ற நண்பர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. அதைச் சாலையில் ஓட்டாமல், ஒரு குட்டியானையில் ஏற்றிக் கொண்டுபோய் மைதானத்துக்குள் நிறுத்திக் காட்டுங்கள். மைதானத்தை விட்டு வெளியே ஓட்டி வந்த அடுத்த நிமிடம் 52ஆவது பிரிவு தொடங்கிவிடும்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பம் காரணமில்லாமல் நிற்கிறதா? ஒப்புகைச் சீட்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு முதல்வரின் முகவரி உதவி எண் 1100க்குப் பேசுங்கள். எண் இல்லாமல் பேசினால், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.