வாலுக்குக் கணக்குத் தெரியாது

அமெரிக்காவின் கன்ட்ரி இசையில் நாய்ப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. புகழ்பெற்றவை பெரும்பாலும் கைக்குட்டையோடு கேட்க வேண்டியவை: நாய் வரும், எஜமானனின் உயிரைக் காப்பாற்றும், கிழடாகும், கடைசிச் சரணத்தில் போய்ச் சேரும். ஹாங்க் வில்லியம்ஸ் 1947 ஏப்ரலில் நாஷ்வில்லில் பதிவுசெய்த ‘மூவ் இட் ஆன் ஓவர்’ அந்த வழியில் போகவில்லை. ராத்திரி பத்தரை மணிக்கு வீடு திரும்புகிறான் ஒருவன். மனைவி உள்ளே விடவில்லை. பூட்டையே மாற்றிவிட்டாள், சாவி சேரவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல், நாய்க்கென்று வைத்திருக்கும் மரக்கூண்டுக்குள் தலையை நுழைத்து, கொஞ்சம் தள்ளிப் படு என்று நாயிடம் சொல்கிறான். அவ்வளவுதான் பாட்டு. நாயின் அன்பைப் பற்றி அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனாலும் நாயின் நிபந்தனையற்ற அன்பை இதைவிடச் சரியாகப் பிடித்த கன்ட்ரி பாட்டு வேறு இல்லை என்பது என் கட்சி. இன்னும் விரித்துச் சொன்னால், சிரிக்க வைக்கும் நாய்ப் பாட்டுகள் அழவைக்கும் நாய்ப் பாட்டுகளைவிட உண்மைக்குக் கிட்டத்தில் நிற்கின்றன.

பாட்டு நடக்கிற விதத்தைப் பாருங்கள். மெட்டு துள்ளலான புளூஸ். இருபத்து மூன்று வயது ஹாங்க் ஒரு வரியைப் பாட, பின்னால் நிற்கும் வாத்தியக்காரர்கள் அதையே திருப்பிக் கத்துகிறார்கள், ஊரே கூடி அவனைக் கேலி செய்வதுபோல. ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் நாய்க்கு ஒரு அடைமொழி, அதற்கு எதிராகத் தனக்கும் ஒன்று: உள்ளே இருப்பது சிறியது என்றால் வருகிறவன் பெரியவன், அது பழையது என்றால் இவன் புதியவன். இப்படித் தன்னையும் நாய்க் கணக்கிலேயே சேர்த்துக்கொள்கிறான். நடுவில் வீறாப்பு வேறு. அவள் ஒருநாள் மண்டியிட்டுத் திரும்பி வருவாளாம். அப்போது இவன் தெள்ளுப்பூச்சி சொறிவதில் மும்முரமாக இருப்பானாம். பாட்டு முழுக்கத் தேடினாலும் இவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்று அகப்படாது. நேரத்துக்கு வீடு வரத் தெரியாதவன், மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன், ஓசியில் இடம் கேட்கும்போதும் அதிகாரம் பண்ணுகிறவன். நிபந்தனையற்ற அன்பு என்பதற்கு அர்த்தம் இருந்தால் அது இதுதான்: பெறுகிறவனின் தகுதியைப் பார்க்காதது. தகுதி பார்க்காத அன்பைப் பெற்றவன் அதைக் காட்டிப் பெருமைப்பட முடியாது. எல்லாருக்கும் கொடுக்கும் நற்சான்றிதழைச் சட்டம்போட்டு மாட்டினால் பார்க்கிறவர்கள் சிரிக்கத்தானே செய்வார்கள்? ஹாங்க் அந்தச் சிரிப்பை முந்திக்கொண்டு தானே சிரித்துவிடுகிறார். பாட்டு பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் நாலாம் இடம்வரை போனது. அவருக்குப் பெரிய கதவைத் திறந்துவிட்டது இந்தப் பூட்டிய கதவுதான்.

அழுகைப் பாட்டுகளின் கதை வேறு. அவற்றின் ஊற்று இசையில்கூட இல்லை, கோர்ட்டில் இருக்கிறது. 1869 அக்டோபரில் மிசௌரி மாநிலத்தில் ‘ஓல்ட் டிரம்’ என்ற வேட்டைநாய் சுடப்பட்டுச் செத்தது. நாய்க்காரர் பக்கத்துப் பண்ணைக்காரரான தன் மைத்துனர்மீது நஷ்டஈடு வழக்குப் போட்டார். 1870-இல் வாரன்ஸ்பர்க் கோர்ட்டில் அவருக்காகப் பேசிய ஜார்ஜ் கிரஹாம் வெஸ்ட், பின்னாளில் செனட்டராக ஆனவர். நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய பேச்சில் யார் சுட்டது, எப்போது சுட்டது என்பதெல்லாம் இல்லை. சொத்து போகும், பேர் போகும், பெற்ற பிள்ளையே நன்றி மறப்பான், நாய் மட்டும் கல்லறைவரை கூட வரும் என்று உருக்கி எடுத்தார். ஜூரிகள் ஐம்பது டாலர் தீர்ப்பளித்தார்கள். அந்த ஊர் நீதிமன்றத்தின் முன்னால் இன்று அந்த நாய்க்குச் சிலை நிற்கிறது. ஆக, நாயின் தன்னலமற்ற அன்பைப் பற்றி அமெரிக்கா திரும்பத் திரும்பச் சொல்லும் வாசகங்களின் மூலப் பத்திரம், நஷ்டஈடு வாங்க ஒரு வக்கீல் பேசிய பேச்சு. இதனால் அது பொய் என்று ஆகிவிடாது. ஆனால் யாருடைய கண்ணீருக்காக நாய் அங்கே கூண்டில் ஏற்றப்பட்டது என்பதை மறக்கவும் கூடாது.

ரெட் ஃபோலி 1933-இல் எழுதிய ‘ஓல்ட் ஷெப்’ அதே பரம்பரை. பையன் தண்ணீரில் தத்தளிக்கிறான், நாய் காப்பாற்றுகிறது. நாய் கிழடாகிறது, மருத்துவர் கைவிரிக்கிறார், பையன் துப்பாக்கியை எடுத்தும் சுட மனம் வரவில்லை. முடிவில் நாய்க்குச் சொர்க்கம். 1945-இல் டுபெலோ ஊர்ச் சந்தைப் போட்டியில் பத்து வயது எல்விஸ் பிரெஸ்லி மைக்குக்கு எட்டாமல் நாற்காலிமேல் ஏறி நின்று பாடியது இதைத்தான். ஐந்தாம் இடம் என்பது அவரே பின்னாளில் சொன்ன கணக்கு. பாட்டின் உருக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் நாயின் அன்புக்கு ஒரு விலை எழுதப்பட்டிருக்கிறது: உயிரைக் காப்பாற்றியது, ஆகவே சொர்க்கம். யாரையும் காப்பாற்றாமல், நாள் முழுக்க வாசலில் தூங்கிவிட்டு, செருப்பைக் கடித்துப் போட்ட நாய்க்கு ஷெப்பின் சொர்க்கத்தில் இடம் உண்டா என்று பாட்டு சொல்லவில்லை. நிபந்தனையற்றது என்று எதைப் புகழ்கிறோமோ அதற்கே நாம் நிபந்தனை போடுகிறோம். நம் நாலடியார்கூட, எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலாட்டும் நாயைத்தான் நட்புக்கு உவமையாக எடுத்தது. வேல் தைக்காத நாயைப் பற்றிப் பேச்சில்லை.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: அன்பாவது ஒன்றாவது, சோற்றுக்குத்தானே வாலாட்டுகிறது? பழைய ஆட்சேபம், அறிவியல் மோப்பம் உள்ளதுபோலத் தோன்றும் ஆட்சேபம். அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் கிரெகரி பெர்ன்ஸ், மயக்க மருந்து இல்லாமல் எம்ஆர்ஐ கருவிக்குள் அசையாமல் படுக்க நாய்களைப் பழக்கினார். அவர் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தீனி வரும் என்ற அடையாளத்துக்கும் எஜமானர் பாராட்டுவார் என்ற அடையாளத்துக்கும் மூளை எப்படி எதிர்வினை செய்கிறது என்று ஒப்பிட்டார்கள். பெரும்பாலான நாய்களுக்குப் பாராட்டு தீனிக்குச் சமம், அல்லது ஒரு படி மேல். அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தார், நாயும் மனிதரும் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளும்போது இருவருக்கும் ஆக்ஸிடோசின் ஏறுவதைக் காட்டினார்கள். வளர்ப்பு ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. சோறு மட்டும்தான் என்ற வாதம் இதோடு பலவீனப்பட்டுவிட்டது. அழுகைக் கட்சிக்காரர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். பிரின்ஸ்டனின் பிரிட்ஜெட் வான்ஹோல்ட் குழுவினர் 2017-இல் வெளியிட்டது அவர்களுக்கு அவ்வளவு இனிக்காது. மனிதரில் வில்லியம்ஸ் குறைபாடு என்று ஒன்று உண்டு. அது உள்ளவர்கள் முன்பின் தெரியாதவரிடமும் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்வார்கள். அதோடு தொடர்புடைய மரபணுப் பகுதியில்தான் நாய்க்கும் ஓநாய்க்கும் வித்தியாசம் தெரிகிறது, கூடுதலாக ஒட்டிக்கொள்ளும் நாய்களிடம் அங்கே மாற்றங்கள் இருக்கின்றன என்றது அந்த ஆய்வு. சிறிய ஆய்வுதான், கடைசி வார்த்தை அல்ல. ஆனால் அது காட்டும் திசை தெளிவு. நாயின் பிரியம் உண்மை. அந்தப் பிரியம் உங்களுக்கென்று தேடிக் கொடுக்கப்பட்டதல்ல. உங்கள் வீட்டுத் திண்ணையில் வேறொருவர் இருந்திருந்தால் அவருக்கும் இதே வால் ஆடியிருக்கும்.

நாய் நம் குற்றத்தை மன்னிக்கிறது என்று சொல்வதிலும் இதே கோளாறு உண்டு. மன்னிக்க முதலில் கணக்கு வைத்திருக்க வேண்டும். நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியில் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட சோதனை இந்த இடத்தில் உதவும். தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போவார். நாய் தின்றதா இல்லையா என்பது பற்றி அவரிடம் சில சமயம் நிஜம் சொல்லப்படும், சில சமயம் பொய். திரும்பி வந்து திட்டியதும் நாய் காதை மடக்கி, கண்ணைத் திருப்பி, குற்றவாளி மாதிரி விழித்தது. தின்ற நாயும் அப்படித்தான், தின்னாத நாயும் அப்படித்தான். தின்னாமலே திட்டு வாங்கிய நாய் இன்னும் அதிகமாக விழித்தது. அந்த முகத்தை வரவழைத்தது நாயின் மனசாட்சி அல்ல, நம் குரல். பாவம், புண்ணியம், நன்றி, துரோகம் என்ற பேரேடெல்லாம் நம்முடையது. அழுகைப் பாட்டு அந்தப் பேரேட்டை நாயின் கையில் கொடுத்து நமக்கு வரவு எழுதச் சொல்கிறது. சிரிப்புப் பாட்டு அப்படிச் செய்வதில்லை.

நாயை இப்படித் தூக்கிப் பிடிப்பதே மனுஷனைத் திட்டுவதற்கு ஒரு வழிதானே என்ற கேள்வியும் நியாயமானது. டாம் டி. ஹாலின் ‘ஓல்ட் டாக்ஸ், சில்ட்ரன் அண்ட் வாட்டர்மெலன் வைன்’ அந்தக் கேள்விக்கு உரிய பாட்டு. 1972-இல் மயாமி பீச்சில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்த சமயத்தில் ஒரு மதுக்கூடத்தில், துப்புரவு வேலை செய்யும் முதியவர் ஒருவரோடு பேசியதிலிருந்து பிறந்தது அது. கிழட்டு நாய், குழந்தைகள், தர்பூசணி ஒயின் தவிர உலகில் வேறெதற்கும் பெறுமதி இல்லை என்கிறார் முதியவர். சிநேகிதர்கள்மீதும் பெண்கள்மீதும் அவருக்கு வருத்தம் இருக்கிறது. ஆனால் அவர் பட்டியலில் நாயின் பக்கத்தில் எது உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒயின்! அதுவும் தர்பூசணியில் செய்கிற ரகம். நாயைத் தியாகியாக்காமல் இனிக்கும் பொருள்களோடு சேர்த்து வைத்ததில்தான் பாட்டின் புன்சிரிப்பு இருக்கிறது. மனுஷன்மேல் கசப்பு இருந்தும் இந்தப் பாட்டு கசக்காமல் போனதற்கு அந்த ஒயின்தான் காரணம் என்று நினைக்கிறேன். 1973 தொடக்கத்தில் அது கன்ட்ரி பட்டியலின் முதலிடத்துக்குப் போனது.

‘ஓல் ரெட்’ இன்னும் ஒரு படி தாண்டிப் போகிறது. ஜார்ஜ் ஜோன்ஸ் 1990-இல் பாடி, 2002-இல் பிளேக் ஷெல்டன் குரலில் ஊரெல்லாம் தெரிந்த இந்தப் பாட்டில், ரெட் சிறைக் காவல் மோப்பநாய். தப்பி ஓடுகிற கைதி எவனையும் விடாது. கைதி ஒருவன் வெளியிலிருந்து ஒரு பெண் நாயை வரவழைத்து, ரெட்டை அதோடு பழகவிட்டு, சில நாள் பிரித்து வைத்து, பிறகு தான் ஒரு பக்கம் ஓட, ரெட் இன்னொரு பக்கம் ஓடுகிறது. கடமை, விசுவாசம், எஜமானன் எல்லாம் ஒரே ராத்திரியில் காற்றில் போச்சு. விசுவாசத்தின் சின்னம் என்று நாம் சிலை வைத்த பிராணிக்குச் சொந்தமாக ஒரு மனசு உண்டு என்று ஒப்புக்கொள்ளும் பாட்டு இது. ஷெப்புக்கு அப்படியொரு ராத்திரி கிடைக்கவே இல்லை.

சிரிப்பு சாவைத் தட்டிக்கழிக்கிறது என்பார்கள். இதுதான் கனமான ஆட்சேபம். நாய் நமக்கு முன்னால் போகும், அதை விட்டுவிட்டு நாயைப் பற்றி எப்படி முழுமையாகப் பாடுவது? கிறிஸ் ஸ்டேப்பிள்டனின் ‘மேகிஸ் சாங்’ (2020) இதற்குப் பதில். கடை வாசலில், சாமான் வண்டியில் யாரோ விட்டுப்போன குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த கதை. கடைசியில் அது சாகத்தான் செய்கிறது. ஆனால் பாட்டின் பெரும்பகுதியில் அது வெறுமனே ஓடுகிறது. யாரையும் காப்பாற்றவில்லை, எதையும் நிரூபிக்கவில்லை. மெட்டும் கடைசிவரை தலையாட்ட வைக்கும் மெட்டுதான். வாழ்க்கைக்கு நிறைய இடமும் சாவுக்கு உரிய இடமும் கொடுத்த பாட்டு. ‘ஓல்ட் ஷெப்’பில் இந்த விகிதம் தலைகீழ்.

எனக்கே முழுதாகப் பதில் சொல்ல முடியாத ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. நிபந்தனையற்ற அன்பு என்பது வாங்குகிறவனுக்கு ரொம்ப வசதியான சரக்கு. எப்படி நடந்துகொண்டாலும் அது நம்மை நேசிக்கும் என்று சிரித்துக்கொண்டே பாடினால், எப்படியும் நடந்துகொள்ளலாம் என்று கேட்கிறவன் எடுத்துக்கொள்ள மாட்டானா? அமெரிக்க விலங்குநல அமைப்பான ஏஎஸ்பிசிஏ 2019-க்குச் சொன்ன மதிப்பீட்டின்படி அந்த ஆண்டு காப்பகங்களுக்கு வந்து சேர்ந்த நாய்கள் சுமார் 31 லட்சம், ஊசி போட்டுக் கொல்லப்பட்டவை சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம். நெரிசல் மிகுந்த காப்பகங்கள் பல தென்மாநிலங்களில் இருக்கின்றன. அங்கிருந்து வடக்கே வண்டி வண்டியாக நாய்களை அனுப்பித்தான் இடம் பண்ணுகிறார்கள். கன்ட்ரி இசை பிறந்து வளர்ந்த சீமையும் அதுவே. பாட்டால் இது நேர்ந்தது என்று சொல்வது அபத்தம். பாட்டு இதைத் தடுக்கவில்லை என்பது மட்டும் உண்மை. அழுகைப் பாட்டும்தான் தடுக்கவில்லை. 1991-இல் ‘பைரட்ஸ் ஆஃப் தி மிசிசிப்பி’ குழு பாடிய ‘ஃபீட் ஜேக்’ மட்டும் நேரே விஷயத்துக்கு வருகிறது: நான் செத்துவிட்டால் என் நாய்க்கு யாராவது சோறு போடுங்கள். சிரிப்புப் பாட்டு அல்ல, ஆனாலும் இந்தக் கட்டுரையில் அதற்கு இடம் கொடுக்கத் தோன்றுகிறது. நாய் என்ன கொடுத்தது என்பதைவிட நாளைக் காலையில் அதன் தட்டில் என்ன இருக்கும் என்ற கவலை அதில் முன்னால் நிற்கிறது.

அந்தக் கவலையை மேடைக்கு வெளியே எடுத்துச் சென்றவர்களும் உண்டு. பாடகி மிராண்டா லாம்பர்ட் தன் தாயாரோடு 2009-இல் தொடங்கிய மட்நேஷன் அமைப்பு, காப்பக நாய்களைத் தத்துக்கொடுப்பதற்கும் காப்பகங்களுக்குப் பணம் கொடுப்பதற்கும் உழைக்கிறது. தத்தெடுக்கப் போகிறவர்களிடம் அமெரிக்கக் காப்பகங்கள் பல ஒரு படிவத்தை நீட்டும். சொந்த வீடா, வாடகையா. வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதமா. கொல்லைக்கு வேலி உண்டா. பகலில் வீட்டில் ஆள் இருக்குமா. முன்பு வளர்த்த நாய் என்ன ஆயிற்று. நிபந்தனையே போடாத பிராணிக்காக மனிதர்கள் உட்கார்ந்து எழுதிய நிபந்தனைகள். இந்தப் படிவத்தைப் பற்றி யாராவது கன்ட்ரி பாட்டு எழுதினால் அது சிரிப்புப் பாட்டாகத்தான் வரும். ஹாங்க் இருந்திருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சரணம் போட்டிருப்பார்.