சுழலாத பந்து

கிரிக்கெட்டில் பந்து காற்றிலேயே வளைந்து செல்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் இதைவிட விந்தையான பந்து ஒன்று உண்டு. ‘நக்கிள்பால்’ என்று அதற்குப் பெயர். நக்கிள் என்றால் விரல் கணு. ஆனால் பெரும்பாலோர் அதை விரல் நுனிகளாலும் நகங்களாலும் பிடித்துத்தான் எறிகிறார்கள். பெயர் மட்டும் பழையபடியே நிலைத்துவிட்டது!

இந்த ஒரே பந்தை நம்பி 21 ஆண்டுகள் ஆடியவர் ஹாய்ட் வில்ஹெல்ம். 1922இல் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போது, டச் லெனார்ட் என்ற ஆட்டக்காரர் இவ்வாறு எறிவதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, ஒரு டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு தாமே பழகினார். பிறகு போர் வந்தது. பல்ஜ் சண்டையில் காயமுற்றார். முதுகில் தங்கிய குண்டுச் சிதறலோடுதான் பின்னர் ஆடினார். பெரிய லீக்கில் அவர் நுழைந்தது 1952இல், 29ஆம் வயதில்.

அவர் வேலை என்ன தெரியுமா? ஆட்டத்தைத் தொடங்கிய எறியாளர் களைத்துப் போனால், அல்லது எதிரணி அவரை வெளுத்து வாங்கினால், நடுவில் வந்து நிலைமையைக் காப்பாற்றுவது. இத்தகைய மாற்று எறியாளருக்கு அந்நாளில் மதிப்புக் குறைவு. வில்ஹெல்ம் ஒன்பது அணிகளுக்கு மாறி மாறி ஆடினார். 1958 ஆகஸ்டில் கிளீவ்லாந்து அணி அவரைக் கைவிட, பால்டிமோர் அணி எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே, 20ஆம் தேதி, நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிராக முழு ஆட்டத்தையும் அவரே எறிந்தார். எதிரணியினரால் ஒரு ‘ஹிட்’ கூட எடுக்க முடியவில்லை!

அப்படி அந்தப் பந்தில் என்ன இருக்கிறது?

வேகம் இல்லை. வேகப் பந்து மணிக்கு 150 கிலோமீட்டரில் பாய்கிறது. நக்கிள்பால் ஏறக்குறைய 105 கிலோமீட்டர்தான். வேகப் பந்து விநாடிக்கு முப்பது தடவைக்கு மேல் சுழலும். இதுவோ மட்டையாளரை அடைவதற்குள் ஓரிரு தடவை புரண்டால் அதிகம். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

பந்து செல்லும்போது அதன் மேற்பரப்பை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் பின்னோக்கி வழிகிறது. வழவழப்பான பக்கத்தில் அது சீக்கிரமே பந்தை விட்டுப் பிரிந்துவிடும். பேஸ்பால் பந்திலோ 108 இரட்டைத் தையல்கள் மேடாக நிற்கின்றன. தையல் மேட்டில் மோதிய படலம் கலங்கிக் கொந்தளிக்கிறது. கொந்தளிக்கும் படலம் பந்தை இன்னும் சற்றுத் தூரம் ஒட்டிக்கொண்டு போகும். இதனால் பந்தின் பின்னால் ஓடும் காற்று ஒரு பக்கமாகத் திருப்பப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவுகூருங்கள்: காற்று ஒரு பக்கம் தள்ளப்பட்டால், பந்து மறுபக்கம் தள்ளப்பட வேண்டுமே!

பந்து வேகமாகச் சுழன்றால் தையல் எல்லாப் பக்கமும் மாறி மாறி வந்து, இந்த விளைவு பெரும்பாலும் ஈடுசெய்யப்பட்டுவிடும். மெல்லப் புரண்டாலோ, தையல் இடம் மாறுவதற்கேற்ப விசையின் திசையும் மாறும். வாட்ஸ், சாயர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பந்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து இதை அளந்து, 1975இல் வெளியிட்டார்கள். கிரிக்கெட் ‘ஸ்விங்’ பந்துக்கும் தையல்தான் காரணம்; ஆனால் அங்கே தையல் ஒரே நிலையில் நிற்பதால் பந்து ஒரே பக்கமாக வளைகிறது.

நக்கிள்பால் பாம்பைப் போல நெளிந்து வருவதாக மட்டையாளர்கள் சொல்வதுண்டு. பிற்காலத்தில் கருவிகளைக் கொண்டு பாதையை அளந்தபோது, அது மற்றப் பந்துகளின் பாதையைப் போலவே சீராக இருந்தது. எந்தப் பக்கம் திரும்பும் என்பதைத்தான் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

கைக்கு அதிகச் சிரமம் தராத எறி இது. அதனால்தான் வில்ஹெல்ம் 1,070 ஆட்டங்கள் ஆட முடிந்தது. கடைசி ஆட்டம் 1972 ஜூலையில். 50 வயது நிறைய அப்போது 16 நாள் இருந்தது. 1985இல் பேஸ்பால் புகழ் மன்றத்தில் இடம்பெற்ற முதல் மாற்று எறியாளரும் அவரே.

பாவம், மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்க வேண்டியவர்! எறிந்தவருக்கே தெரியாத திசையை அவர் எப்படி ஊகிப்பார்? பால்டிமோர் அணியில் பந்துகள் கைக்குத் தப்பி ஓடியவண்ணம் இருந்தன. மேலாளர் பால் ரிச்சர்ட்ஸ் 1960இல் இதற்கென்றே மிகப் பெரிய கையுறை ஒன்றைச் செய்வித்தார். இப்படியே போனால் என்ன ஆகும் என்று கருதினார்களோ என்னவோ, பிறகு கையுறையின் சுற்றளவு 38 அங்குலத்துக்கு மேல் கூடாது என்று விதியே வந்துவிட்டது.