24 ஆட்டங்கள், ஒரு வாரம், ஒரு கணிப்பு வணிகம்

கால்பந்தில் கணிப்பு என்னும் தொழிலை எடைபோட விரும்புவோருக்கு, 2022ஆம் ஆண்டு கத்தாரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியின் முதல் வாரம், அதாவது நவம்பர் 20 முதல் 26 வரையிலான ஏழு நாட்கள், கைக்கு அடக்கமான ஆய்வுப்பொருளாக அமைந்திருக்கிறது. ஐரோப்பியப் போட்டிகளில் பலவற்றை இந்தியாவில் பார்க்க வேண்டுமானால் நடுநிசி வரை விழித்திருக்க வேண்டும். கத்தார் நேரமோ இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி மட்டுமே பின்தங்கியது என்பதால், அந்த வாரத்தின் பெரும்பாலான நாட்களில் பிற்பகல் 3.30, மாலை 6.30, இரவு 9.30, நள்ளிரவு 12.30 என நான்கு வேளைகளில் ஆட்டங்கள் நடந்தன, ஜியோசினிமா செயலியில் தமிழ் வர்ணனையுடன் கட்டணமின்றியும் கிடைத்தன. இதனால் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டத்திலுள்ள அரிமளம் போன்ற, மஞ்சுவிரட்டுக்கு உள்ள மவுசு கால்பந்துக்கு இல்லாத ஒரு பேரூராட்சியிலும், பள்ளி விட்டு வந்த மாணவர் முதல் கடை அடைத்து வந்த வணிகர் வரை எவரும் கைப்பேசியில் உலகக் கோப்பையைப் பார்க்க முடிந்தது. பந்தயத்துக்கு அழைக்கும் விளம்பரங்களும், ‘இன்றைய டிப்ஸ்’ என்று வெற்றி அணியை முன்கூட்டிச் சொல்வதாகக் கூறும் டெலிகிராம் குழுக்களும் வந்து சேர்ந்ததும் அதே கைப்பேசிக்குத்தான்.

அந்த வாரத்தில் மொத்தம் 24 ஆட்டங்கள் நடந்து, 57 கோல்கள் விழுந்தன. ஸ்பெயின் கோஸ்டாரிகாவை 7-0 என்றும், இங்கிலாந்து ஈரானை 6-2 என்றும், பிரான்ஸ் ஆஸ்திரேலியாவை 4-1 என்றும் வென்றபோது, வலிய அணி வெல்லும் என்று சொன்னவர்கள் எல்லாருமே ஞானிகளாகத் தெரிந்தார்கள். ஆனால் 22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பிற்பகல், தொடர்ந்து 36 ஆட்டங்களில் தோல்வியே காணாத அர்ஜென்டினாவைச் சவூதி அரேபியா 2-1 என்று வீழ்த்தியது. மறுநாள் மாலை ஜப்பான் அதே கணக்கில் ஜெர்மனியை வென்றது. நீல்சன் கிரேஸ்நோட் என்ற புள்ளிவிவர நிறுவனம் சவூதியின் வெற்றி வாய்ப்பை 8.7 விழுக்காடு என்று மதிப்பிட்டிருந்தது. 1950இல் அமெரிக்கா இங்கிலாந்தை வென்றபோது இருந்த 9.5 விழுக்காட்டைவிடவும் இது குறைவு என்பதால், உலகக் கோப்பை வரலாற்றின் மிகப் பெரிய அதிர்ச்சி முடிவு இதுவே என்று அந்நிறுவனம் அறிவித்தது.

அந்த ஆட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். பத்தாவது நிமிடத்தில் லியோனல் மெஸ்ஸி பெனால்ட்டி மூலம் கோல் அடித்தார். இடைவேளைக்குள் அர்ஜென்டினா மேலும் மூன்று முறை பந்தை வலைக்குள் அனுப்பியும், மூன்றும் ஆஃப்சைடு என்று, அதாவது பந்து கடத்தப்பட்ட கணத்தில் ஆட்டக்காரர் எதிரணித் தடுப்பு வரிசையைத் தாண்டி நின்றார் என்று, தள்ளுபடி செய்யப்பட்டன. சவூதி அணியினர் தங்கள் தடுப்பு வரிசையைத் துணிந்து முன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும், நூலிழை வேறுபாட்டையும் காட்டிக்கொடுக்கும் பாதித் தானியங்கி ஆஃப்சைடு தொழில்நுட்பம் உலகக் கோப்பைகளில் அந்த ஆண்டுதான் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டதும் சேர்ந்து விளைவித்த முடிவு அது. பிறகு 48ஆவது நிமிடத்தில் சாலே அல் ஷெஹ்ரியும் 53ஆவது நிமிடத்தில் சாலேம் அல் தவ்சாரியும் அடித்த கோல்கள் ஆட்டத்தையே புரட்டிப்போட்டன. ஓர் ஆஃப்சைடு கோடு சில அங்குலம் தள்ளி விழுந்திருந்தால், அர்ஜென்டினா வெல்லும் என்றவரின் பெயர் காப்பாற்றப்பட்டிருக்கும், அவருடைய அறிவு மட்டும் கூடியிருக்காது.

கணிப்பைச் சரி, தவறு என்று மதிப்பெண் போடும் பழக்கத்தின் கோளாறு இங்கேதான் இருக்கிறது. அமெரிக்க வானிலை ஆய்வாளர் கிளென் பிரையர் 1950இல் முன்வைத்த அளவுகோல், கணிப்பை விழுக்காட்டில் கேட்டு, நடந்ததற்கும் சொன்னதற்கும் உள்ள இடைவெளியை வர்க்கப்படுத்தித் தண்டனைப் புள்ளியாக வைக்கிறது. அர்ஜென்டினா வெல்ல 85 விழுக்காடு வாய்ப்பு என்றவர் அன்று 0.7225 புள்ளி தண்டனை பெறுவார். 60 விழுக்காடு என்றவர் 0.36 மட்டுமே பெறுவார். அன்றைக்கு இரண்டாமவரே கெட்டிக்காரராகத் தோன்றுவார். ஆயினும் உண்மையான வாய்ப்பு 85 விழுக்காடே என்று கொண்டு, இத்தகைய நூறு ஆட்டங்களை எண்ணிப் பார்த்தால், முதலாமவரின் மொத்தத் தண்டனை 12.75 புள்ளியும் இரண்டாமவருடையது 19 புள்ளியும் ஆகும். நூறு ஆட்டங்களில் தெளிவாகும் இந்த வேறுபாடு ஏழு நாட்களில் தெரிய வராது.

கோல் எண்ணிக்கையைக் கணிப்பவர்கள் பெரும்பாலும் நாடுவது, எப்போதாவது நிகழும் சம்பவங்களின் எண்ணிக்கை எப்படிப் பரவும் என்பதைக் காட்டும் பாய்சான் பரவல் என்னும் கணித முறையாகும். 1982இல் மாஹர் என்ற புள்ளியியலாளர் ஒவ்வோர் அணிக்கும் தாக்கும் வலிமை, தடுக்கும் வலிமை என இரு எண்களை வகுத்து, இந்த முறையைக் கால்பந்துக்குச் சீராகப் பொருத்திக் காட்டினார். அந்த வாரத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தால், ஆட்டத்துக்குச் சராசரி 2.4 கோல் அளவில் வருவதால், கோலே இல்லாமல் முடியும் ஆட்டங்கள் இரண்டோ மூன்றோ இருக்க வேண்டும். இருந்தவையோ டென்மார்க்–துனிசியா, மெக்சிகோ–போலந்து, மொராக்கோ–குரோஷியா, உருகுவே–தென்கொரியா, இங்கிலாந்து–அமெரிக்கா என ஐந்து. 0-0, 1-1 போன்ற சிறு கணக்குகள் எளிய பாய்சான் முறைக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை என்பதைக் கண்டு, அவற்றுக்கென ஒரு திருத்தத்தை 1997இல் டிக்சனும் கோல்ஸும் சேர்த்தார்கள். பந்தய உலகம் அவர்களுடைய கட்டுரையை இன்றும் மதிப்பது இதனால்தான்.

பந்தய நிறுவனம் வெளியிடும் ‘ஆட்ஸ்’ என்னும் விகிதமும் ஒரு கணிப்புத்தான், ஆனால் லாபம் கலந்த கணிப்பு. உதாரணத்துக்கு, ஓர் ஆட்டத்தில் வலிய அணிக்கு 1.20, டிராவுக்கு 7, எளிய அணிக்கு 15 என்று விகிதம் தரப்படுவதாகக் கொள்வோம், 1.20 என்றால் நூறு ரூபாய் கட்டியவருக்கு, கணிப்பு பலித்தால், 120 ரூபாய் திரும்பும் என்று பொருள். ஒன்றை இந்த எண்களால் வகுத்தால் முறையே 83.3, 14.3, 6.7 விழுக்காடு வரும். கூட்டினால் 100க்குப் பதில் 104.3 ஆகும். மிகையாக நிற்கும் 4.3 நிறுவனத்தின் பங்கு. இந்தப் பங்கு எல்லா முடிவுகள் மீதும் சமமாகப் பரவியிருக்கிறது என்று கொண்டால், நூறு ரூபாய் கட்டியவருக்குச் சராசரியாக 96 ரூபாய் திரும்பும். ஐந்து ஆட்டங்களை ஒரே சீட்டில் கோத்து, ஐந்தும் பலித்தால்தான் பணம் என்ற தொடர் பந்தயத்தில் இந்தப் பங்கு ஆட்டத்துக்கு ஆட்டம் பெருகி, திரும்புவது 81 ரூபாய் அளவுக்கு இறங்கிவிடும். பெரும் பரிசைக் காட்டி இவ்வகைச் சீட்டையே நிறுவனங்கள் விரும்பி விளம்பரப்படுத்துவதில் வியப்பில்லை.

டிப்ஸ் விற்பவருக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவைப்படுவதில்லை. 2,187 பேரின் எண்கள் கையில் இருந்தால், அவர்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு முதல் அணி வெல்லும் என்றும் இன்னொன்றுக்கு டிரா என்றும் மூன்றாவதற்கு இரண்டாம் அணி என்றும் அனுப்பி, தவறிய பிரிவுகளைக் கைவிட்டு, பலித்த பிரிவை மறுநாள் மீண்டும் மூன்றாகப் பிரித்துக்கொண்டே போகலாம். ஆறு நாட்கள் முடிவில் ஆறு கணிப்பும் பலித்ததைக் கண்ணாரக் கண்ட மூவர் மிஞ்சுவர், ஏழாம் நாள் ஒருவர். அந்த ஒருவர் எந்தக் கட்டணத்தையும் கொடுக்க அணியமாக இருப்பார்.

2010 உலகக் கோப்பையில் ஜெர்மனியின் பால் என்ற எண்காலி எட்டு முறை கேட்கப்பட்டு எட்டு முறையும் சரியான அணியைத் தேர்ந்ததற்கும் பின்னணி இதைப் போன்றதே: உலகெங்கும் எத்தனையோ விலங்குகள் கேட்கப்படும்போது, எல்லாம் பலித்த ஒன்றுதான் செய்தியாகும். அதே ஆண்டு சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் தமிழ்க் கிளி ஜோசியர் ஒருவரின் ‘மணி’ என்ற கிளி காலிறுதி ஆட்டங்கள் நான்கையும் சரியாகச் சொல்லிப் புகழ் பெற்றது, இறுதியாட்டத்தில் நெதர்லாந்தை எடுத்துத் தோற்றது. மணிக்கு நெல் மட்டும் போதும் என்ற வகையில், அது டெலிகிராம் குழுக்களைவிட நேர்மையான ஜோசியம்.

கத்தார் வாரத்தின் மதிப்புரையை 26ஆம் தேதி இரவே எழுதியவர் என்ன எழுதியிருப்பார் என்பதைப் பின்னர் நடந்தவற்றோடு ஒப்பிடலாம். ஏழு கோல் அடித்த ஸ்பெயின் ஜப்பானிடம் தோற்று, பின் மொராக்கோவிடம் பெனால்ட்டி முறையில் வெளியேறியது. சவூதி தன் பிரிவில் கடைசி இடம் பெற்றது. அர்ஜென்டினா டிசம்பர் 18இல் கோப்பையையே வென்றது. முழுப் போட்டியின் 64 ஆட்டங்களில் கோலின்றி முடிந்தவை ஏழு என்றால், அவற்றில் ஐந்து அந்த முதல் வாரத்துக்குள்ளேயே அடங்கிவிட்டன.

தமிழ்நாட்டுக்கு அந்த வாரம் வேறொரு வகையிலும் குறிப்பிடத்தக்கது. நீதிபதி கே. சந்துரு குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து அக்டோபரில் பிறப்பிக்கப்பட்ட இணையவழிச் சூதாட்டத் தடை அவசரச் சட்டம் அந்த நவம்பர் இறுதியில்தான் காலாவதியானது. அதற்கு மாற்றாகச் சட்டப்பேரவை அக்டோபர் 19இல் நிறைவேற்றிய மசோதாவோ ஆளுநரிடம் நிலுவையில் இருந்தது. மசோதா திருப்பி அனுப்பப்பட்டு, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேறி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகப் பட்டியலிட்டதை மட்டும் நீக்கிவிட்டுச் சட்டத்தை நிலைநிறுத்தியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்து, அவற்றை நடத்துவோருக்கும் விளம்பரப்படுத்துவோருக்கும் பணப் பரிமாற்றம் செய்து தருவோருக்கும் தண்டனை வகுத்தது. பணம் கட்டி ஆடுபவரை அது தண்டிப்பதில்லை. மாநிலச் சட்டமோ அவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது.