மழைநீரும் மலைப்பாதையும்

செர்காம் கடற்கரையை ஒட்டிய நிலம் தட்டையானது. தென்னையும் செம்பனையும் வீடுகளும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பரந்து கிடக்கும். ஆனால், மழை பெய்து ஓய்ந்த காலை வேளையில் வடகிழக்குத் திசையை நோக்கினால், 30 கிலோமீட்டருக்கும் அப்பால் நீலநிறத்தில் ஒரு மலை தெரியும். அதுதான் லேடாங் மலை. அதன் உயரம் 1,276 மீட்டர். சிகரம் ஜொகூர் மாநிலத்தின் தங்காக் மாவட்டத்தில் இருக்கிறது. எனினும், மலையின் மேற்குச் சரிவு மலாக்கா மாநிலத்தின் அசகான் பகுதியில் வந்து இறங்குகிறது. செர்காமும் அசகானும் ஒரே ஜாசின் மாவட்டத்தைச் சேர்ந்தவை.

இம்மலையைப் பற்றிய பழங்கதை ஒன்று உண்டு. லேடாங் மலை இளவரசியை மணக்க விரும்பிய மலாக்கா சுல்தானிடம், மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னால் ஒரு பாலமும் வெள்ளியால் ஒரு பாலமும் அமைத்துத் தருமாறு இளவரசி கேட்டாளாம். பொற்பாலம் எழவில்லை. மலையேறுவோர் இன்றைக்கும் நடப்பது மண்ணும் வேரும் பாறையும் கலந்த பாதைகளில்தான். அவற்றுள் ஒன்று ஜொகூரிலுள்ள சாகிலில் தொடங்குகிறது. மற்றொன்று அசகானில் தொடங்குகிறது. இரண்டு இடங்களிலும் அருவி உண்டு. மலையேறுவோர் முதலில் கேட்பது நீரின் ஓசையைத்தான்.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது? மலை உச்சியில் பெரிய குளமோ ஏரியோ இல்லை. மழைதான் மூலம். காட்டில் பெய்யும் மழை நேராக மண்ணை அடிப்பதில்லை. உயர்ந்த மரங்களின் இலைகள் அதனைத் தாங்குகின்றன. பின்னர் அது கிளை வழியாகவும் தண்டு வழியாகவும் மெதுவாக இறங்குகிறது. தரையில் உதிர்ந்த சருகுகள் மெத்தைபோல் கிடக்கின்றன. அவற்றின் அடியில் மண்புழுவும் வேரும் துளைத்த மண் பஞ்சுபோல் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சிய நீரை அது சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகிறது. அதனால்தான் பல நாள் மழையில்லாவிட்டாலும் ஓடை வற்றாமல் ஓடுகிறது.

மண் இல்லாத இடத்தில் நிலைமை வேறு. இதனை 1854ஆம் ஆண்டிலேயே ஒருவர் அனுபவித்து எழுதியிருக்கிறார். ஆங்கிலேய இயற்கை அறிஞர் ஆல்பிரட் ரசல் வாலஸ் அவ்வாண்டு மலாக்காவுக்கு வந்தார். அக்காலத்தில் ஐரோப்பியர் இம்மலையை ‘ஓபீர் மலை’ என அழைத்தனர். மலாய்க்காரர் ஆறு பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர் மலைக்குப் புறப்பட்டார். வழியில் முழங்கால் அளவு சேறு. இலை நுனிகளில் ஆள் வரவை எதிர்பார்த்து உடலை நீட்டிக்கொண்டிருக்கும் அட்டைகள். (இந்த அட்டைகளின் வழக்கம் இன்றும் மாறவில்லை.) காட்டைத் தாண்டி, ‘பாடாங் பத்து’ எனப்படும் திறந்த பாறைச் சரிவை அடைந்தபோது அவர்களுக்குக் கடுந்தாகம். அங்கே நீர் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. இறுதியில் குடுவைச் செடிகளின்மேல் கண் சென்றது. பூச்சிகளைப் பிடிப்பதற்காக அச்செடியின் இலை நுனி குடுவைபோல் அமைந்து நீரைத் தாங்கி நிற்கும். அந்நீரில் செத்த பூச்சிகள் மிதந்தன. ஆயினும், சுவைத்துப் பார்த்தபோது வெதுவெதுப்பாக இருந்ததே தவிர, குடிக்க முடிந்தது. அனைவரும் அதைக் குடித்தே தாகத்தைத் தணித்துக்கொண்டனர்.

கீழே காட்டில் முழங்கால் சேறு. மேலே பாறையில் குடிக்க ஒரு துளி இல்லை. இரண்டுக்கும் ஒரே மழைதான். மண் நீரைப் பிடித்து வைத்தது; பாறையோ வழியவிட்டது. மலைப்பாதையைப் பற்றிய செய்தியும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஒருவர் காட்டில் நடந்தால் சருகு நசுங்கும். சில நாளில் மீண்டும் சருகு விழுந்து மூடிவிடும். ஆயிரக்கணக்கானோர் ஒரே தடத்தில் நடந்தால் மண் இறுகிப் போகிறது. மண்ணிலுள்ள நுண்துளைகள் அடைபடுகின்றன. பெய்யும் மழை உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே ஓடுகிறது. அதற்கு ஏற்கெனவே ஒரு பள்ளம் தயாராக இருக்கிறது. அதுவே மனிதர்கள் நடந்த பாதை. இவ்வாறு பாதை மெல்லமெல்லக் கானாக மாறிவிடுகிறது. நீர் மண்ணை அரிக்க, மரவேர்கள் வெளியே தெரிகின்றன. அந்த வேர்களில் இடறாமல் இருக்கவும் சேற்றைத் தவிர்க்கவும் மலையேறுவோர் பாதையின் ஓரத்தில் நடக்கிறார்கள். ஓரமும் இறுகுகிறது. ஓர் ஆள் நடக்கும் அகலத்தில் இருந்த பாதை, சில ஆண்டுகளில் வண்டிப்பாதைபோல் விரிந்துவிடுகிறது. ஆகவே, சேறு கண்டால் விலகிப் போகாமல் அதன் நடுவிலேயே நடப்பதுதான் காட்டுக்குச் செய்யும் உதவி. காலணி அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படுபவருக்கு இது பிடிக்காமல் போகலாம். ஆனால், காலணியைக் கழுவிவிட முடியும்.

நல்ல பாதை சரிவில் நேராக மேலேறாது. அது சரிவுக்குக் குறுக்காக, வளைந்து வளைந்து செல்லும். வெளிப்புற ஓரம் சற்றே தாழ்ந்திருக்கும். அப்படியிருந்தால் மழைநீர் பாதை வழியே ஓடாமல், அதைக் குறுக்கே கடந்து காட்டுக்குள் சென்றுவிடும். செங்குத்தான இடங்களில் மரக்கட்டைகளையோ கற்களையோ குறுக்காகப் பதித்து நீரை ஒதுக்கிவிடுவதும் உண்டு.

இந்த நுட்பம் மலாக்காத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களுக்குப் புதியதன்று. மேட்டு நிலத்தில் பால்மரம் நடுகையில், சரிவுக்குக் குறுக்காக மண்ணை வெட்டிப் படிப்படியாகச் சமப்படுத்துவார்கள். நீர் வேகமெடுக்காமல் இருக்கக் கான் வெட்டுவார்கள். வெறும் தரையைக் காயவிடாமல் அவரையினக் கொடிகளை மூடுபயிராகப் படரவிடுவார்கள். மேல்மண் போனால் மரம் இளைத்துவிடும் என்பதைத் தோட்டத் தொழிலாளர் வேலையினூடே அறிந்திருந்தனர். அந்த அறிவுள்ள ஒருவர், வளைவுப் பாதையை விட்டுவிட்டு நேராகச் சரிவில் இறங்கும் இளைஞரைக் கண்டால் நிச்சயம் அதட்டியிருப்பார். குறுக்குவழியில் மிச்சமாவது இரண்டு நிமிடம். ஆனால், அந்தத் தடத்தில் அடுத்த மழை இறங்கும். அதன்பின் வளைவுப் பாதையும் சேர்ந்து அறுபடும்.

அரிக்கப்பட்ட மண் எங்கே போகிறது? ஓடைக்குப் போகிறது. அசகான் பக்கத்து ஓடைகளின் நீர் கெசாங் ஆற்றில் சேர்கிறது. அவ்வாறு தன் கீழ்ப்பகுதியில் மலாக்காவுக்கும் ஜொகூருக்கும் எல்லையாக ஓடி, மலாக்கா நீரிணையில் கலக்கிறது. மலாக்கா மாநிலம் சிறியது. அதன் நீர்வளமும் குறைவு. தூரியான் துங்கல், ஜூஸ், அசகான் ஆகிய நீர்த்தேக்கங்களை அது நம்பியிருக்கிறது. 1991ஆம் ஆண்டில் தூரியான் துங்கல் நீர்த்தேக்கம் வறண்டு, மாநில மக்கள் குடிநீருக்குத் தவித்தனர். வீட்டுக்கு நீர் பங்கிட்டுத் தரப்பட்ட அந்த நாள்களை மூத்தவர்களிடம் கேட்டால் இன்றும் சொல்வார்கள். மலைப்பாதையின் அரிப்பு மட்டுமே வறட்சியைக் கொண்டுவருவதில்லை. காட்டை அழிப்பதோடு ஒப்பிட்டால் அது சிறிய காயம்தான். எனினும், நீரைப் பிடித்து வைக்கும் சரிவில் ஏற்படும் காயம் என்பதால் அதைச் சிறியதென்று ஒதுக்க இயலாது.

ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடப்போர் அறிந்திருக்க வேண்டிய மற்றொன்று, உயிரோடு தொடர்புடையது. மலாய்மொழியில் அதனைக் ‘கெபாலா ஆயேர்’ என்பர். திடீர் நீர்ப்பெருக்கு என்று கூறலாம். மலையின் மேற்பகுதியில் கனமழை பெய்யும். கீழே அருவியில் குளிப்பவர்களின் தலைக்குமேல் வானம் வெளுத்திருக்கும். செங்குத்தான, குறுகிய பள்ளத்தாக்கில் அந்த மழைநீர் முழுவதும் ஒன்றுகூடிச் சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். வழியில் விழுந்து கிடக்கும் மரங்கள் அணைபோல் நீரைத் தடுத்து, பின்னர் உடைந்தால் வேகம் இன்னும் கூடும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், கெடாவிலுள்ள ஜெராய் மலையில் இவ்வாறு இறங்கிய நீர், சேற்றையும் மரத்தண்டுகளையும் அடித்துக்கொண்டு யான் பகுதிக்குள் புகுந்தது. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது.

நீர்ப்பெருக்கு பெரும்பாலும் அறிகுறி காட்டும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கும். இலைகளும் சுள்ளிகளும் வழக்கத்தைவிட அதிகமாக மிதந்து வரும். சற்றுமுன் வெளியே தெரிந்த கல் நீருக்குள் மறையும். மேலிருந்து இரைச்சல் கேட்கும். இவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேறி உயரமான இடத்துக்குச் செல்ல வேண்டும். பையையும் கைப்பேசியையும் எடுக்கத் திரும்பக் கூடாது. அக்கரையில் நண்பர்கள் இருந்தாலும் ஆற்றைக் கடக்க முயலக் கூடாது. அவர்கள் அங்கேயே மேட்டில் இருக்கட்டும், இவர்கள் இங்கேயே இருக்கட்டும். மலை ஓடைகளில் ஏறிய நீர், மழை ஓய்ந்தபின் சில மணி நேரத்தில் வடிந்துவிடுவதே வழக்கம். ஆற்று நடுவிலுள்ள மணல் திட்டு கூடாரம் அமைக்க அழகான இடமாகத் தோன்றும். அந்த மணலை அங்கே கொண்டுவந்து போட்டது முந்தைய பெருக்கு என்பதை நினைத்துப் பார்த்தால், அங்கு உறங்க மனம் வராது.

லேடாங் மலையில் ஏற விரும்புவோர் பதிவு செய்துகொண்டு, வழிகாட்டியுடன் செல்ல வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் பாதைகள் மூடப்படுவதும் உண்டு. நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவர்கள் இதனால் ஏமாற்றமடைவது இயல்பு. ஆனால், மேலே எங்கே மழை பெய்கிறது, எந்த ஓடை முதலில் ஏறும், எந்தச் சரிவில் மண் தளர்ந்திருக்கிறது என்பவற்றை அறிந்தவர்கள் அங்கேயே பணிபுரிபவர்கள்தாம். புறப்படும் முன்பே பாதை திறந்திருக்கிறதா என விசாரித்துக்கொண்டால் அலைச்சல் மிஞ்சும். மூடியிருந்தால், செர்காமிலிருந்தே மலையைப் பார்க்கலாம்; காலையிலேயே பார்க்க வேண்டும், பின்னர் மேகம் மூடிவிடக்கூடும்.