அவசர கருத்தடை மாத்திரையும் வன்னியில் எஞ்சியுள்ள அச்சமும்

கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களைச் சேர்ந்த பெண்களுக்கு, 2013 ஆகஸ்ட் மாத இறுதியில், உரிய விளக்கமளிக்காமலும் முழுமையான சம்மதம் பெறாமலும் கையில் கருத்தடைக் குச்சிகள் பொருத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. யுத்தத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த மண்ணில் அது ஏற்படுத்திய காயம் இலகுவில் ஆறக்கூடியதன்று. ஆயினும் அதன் பெயரால் கருத்தடை என்ற சொல்லையே சந்தேகத்துடன் நோக்குவது பெண்களுக்கே பாதகமாக முடியும்.

இத்தகைய அச்சத்தின் மறுபக்கத்தை முஸ்லிம் மக்களும் அனுபவித்துள்ளனர். 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகப் பரவிய வதந்தி, உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்படுவதற்கு வழிவகுத்தது. பின்னர் நடைபெற்ற அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்றே தெரியவந்தது. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் இல்லை.

2013இல் பேசப்பட்ட 'ஜடெல்' குச்சியிலும் அவசர கருத்தடை மாத்திரையிலும் இருப்பது லெவோனோர்ஜெஸ்ட்ரல் என்ற ஒரே ஓமோன்தான். ஆனால் குச்சி 5 ஆண்டுகள் வரை செயற்படுவது. மாத்திரையோ சில நாட்களில் உடலை விட்டு நீங்கிவிடுவது. கருமுட்டை வெளியேறுவதைத் தடுப்பது அல்லது தாமதப்படுத்துவதே மாத்திரையின் பணியாகும். ஏற்கெனவே தரித்த கருவை அது கலைப்பதில்லை. கருக்கலைப்பு என்றெண்ணி மார்க்க ரீதியாகத் தயங்குவோர் இதனை அறிந்திருத்தல் நன்று. பிற்காலத்தில் தாய்மை அடைவதற்கும் இது தடையாகாது.

பாதுகாப்பற்ற உறவின் பின்னர் 72 மணித்தியாலங்களுக்குள், இயன்றளவு விரைவாக, 1.5 மில்லிகிராம் அளவை ஒரே தடவையில் உட்கொள்ள வேண்டும். நேரம் செல்லச்செல்லப் பலன் குறையும். அடுத்த கிளினிக் நாள் வரை பொறுத்திருப்பது, நகரிலிருந்து தொலைவிலுள்ள கிராமங்களில் வழக்கமெனினும், இவ்விடயத்தில் பொருந்தாது. வைத்தியரின் மருந்துச் சிட்டையின்றியே மருந்தகங்களில் இதனைப் பெறலாம். கணவர் சென்றும் வாங்கலாம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

குமட்டல், தலைவலி, சோர்வு, மார்பில் நோவு, இடைக்கிடை இரத்தக்கசிவு என்பன ஏற்படலாம். இவை பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். மாத்திரை எடுத்து இரண்டு மணித்தியாலங்களுக்குள் வாந்தியெடுத்தால் மீண்டும் ஒரு தடவை உட்கொள்ள வேண்டும். மாதவிடாய் சில நாட்கள் முந்தவோ பிந்தவோ கூடும். ஒரு வாரத்துக்கு மேல் தாமதமானால் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். அடிவயிற்றில் கடும் வலி ஏற்படின் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம்.

கசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான சில மருந்துகள் என்பன இம்மாத்திரையின் பலனைக் குறைக்கும். அவ்வாறானோர் வைத்தியரை அணுகினால், ஐந்து நாட்களுக்குள் 'லூப்' எனப்படும் செப்பு வளையத்தைப் பொருத்திக்கொள்ள முடியும். அது மாத்திரையிலும் பார்க்கப் பலனளிப்பது.

மாத்திரை எடுத்த பின் நிகழும் உறவுக்கு அது பாதுகாப்பளிக்காது என்பதைப் பலர் அறிவதில்லை. பாலியல் தொற்றுக்களையும் அது தடுக்காது. அடிக்கடி தேவைப்படுவோர் குடும்பநல உத்தியோகத்தரிடம் நிரந்தரப் பயன்பாட்டுக்குரிய முறைகளைக் கேட்டறிந்து தாமே தெரிவுசெய்வது மேல்.

பாலியல் வன்முறைக்கு உள்ளானோரின் நிலையோ வேறு. அவர்கள் பொலிஸ் முறைப்பாடு முடியும்வரை காத்திராமல் நேரே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லப்பட வேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தையும் அதே 72 மணித்தியாலங்களுக்குள் ஆரம்பித்தாக வேண்டும்.