திரையில் எழுத்தும் சைகையும்

ஆண்டுதோறும் நடைபெறும் ஈரோடு புத்தகத் திருவிழாவின் மாலைச் சொற்பொழிவுகளைப் போன்ற உரைகளை இன்று இணையத்தின் வழியே எங்கிருந்தும் காண முடிகிறது என்றாலும், திரையில் எழுத்தோ சைகையோ இல்லாதபோது காது கேளாதோருக்கு அவை வெறும் உதட்டசைவாகவே எஞ்சுகின்றன. இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர் என 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பதிவு செய்துள்ளது.

பேச்சோடு கைதட்டல், அழுகை, கதவு தட்டப்படும் ஓசை போன்ற பொருள்தரும் ஒலிகளையும் எழுத்தில் காட்டும் முறை 'கேப்ஷன்' எனப்படுகிறது. பேச்சைக் கணினியே எழுத்தாக்கும் தானியங்கிக் கேப்ஷனை யூடியூப் 2009இல் அறிமுகப்படுத்தியபோது அப்பணியில் முன்னின்றவர், காது கேளாத பொறியாளரான கென் ஹாரன்ஸ்டீன் என்பது பெருமிதத்துடன் நினைக்கத்தக்கது. ஆயினும் எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளி பெரிது என்பதால், கொங்கு வழக்கில் சரளமாகப் பேசுபவரின் உரையை மனிதர் சரிபார்க்காமல் இயந்திரத்திடமே விட்டுவிடுவது பொறுப்பாகாது. மின்னணு ஊடகங்களில் கேப்ஷனும் சைகை மொழிபெயர்ப்பும் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 42ஆம் பிரிவு கூறுகிறது.

இவ்விரண்டையும் சட்டம் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறவியிலேயே காது கேளாத பலருக்குத் தனி இலக்கணம் கொண்ட சைகை மொழியே முதல் மொழி. எழுத்துத் தமிழ் அவர்கள் பின்னர் கற்பது. புதுடெல்லியில் 2015இல் நிறுவப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கான சைகைகளைக் காணொளி அகராதியாகத் தொகுத்து, 2022இல் அதனைக் கைபேசிச் செயலியாகவும் வெளியிட்டது. காது கேளாத குழந்தைகளின் பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் செவித்திறன் உள்ளவர்கள் என்பதால், தம் பிள்ளையின் மொழியை வீட்டிலிருந்தே கற்கத் தொடங்க அவர்களுக்கு இது துணைபுரிகிறது.