குழம்பில் போடும் அசாம் கெப்பிங் வேறு, எடை குறைக்கும் மாத்திரை வேறு

சுங்கை பட்டாணி, பீடோங் பக்கம் பல வீட்டு அடுப்படிகளில் அசாம் கெப்பிங் ஒரு பாக்கெட் இருக்கும். தஞ்சோங் டாவாயில் மீன் வாங்கி வந்தால், இரண்டு மூன்று துண்டு குழம்பில் விழும். கெடா லக்சாவின் புளிப்பும் இதிலிருந்து வருவதுதான்.

இதே குடும்பத்துப் பழம் ஒன்று இப்போது 'கார்சினியா கம்போஜியா' என்ற பெயரில், உடல் இளைக்கும் மாத்திரையாக இணையத்தில் விற்கிறது. "நம்ம அசாம் கெப்பிங் மாதிரிதானே, என்ன ஆகிடப் போகுது?" என்று ஆர்டர் போடும் முன் கொஞ்சம் நில்லுங்கள்.

நம் ஊர் அசாம் கெலுகோர் மரமும் அதுவும் ஒன்றல்ல. மாத்திரையில் இருப்பது கேரளா, கன்னியாகுமரிப் பக்கம் மீன் குழம்புக்குப் போடும் கொடம்புளி. இரண்டிலும் எச்.சி.ஏ என்ற அமிலம் உண்டு. உடல் மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்ற உதவும் ஒரு நொதியை அது தடுக்கிறது. ஆய்வுக்கூடத்தில் எலிகளிடம் பலன் தெரிந்ததும் வியாபாரம் சூடுபிடித்தது.

மனிதர்களிடம்? 1998-இல் அமெரிக்காவில் 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். ஒரு பாதிக்குத் தினம் 1,500 மில்லிகிராம் எச்.சி.ஏ, மறுபாதிக்கு வெறும் போலி மாத்திரை. இரு தரப்புக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு. எச்.சி.ஏ எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். போலி மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ!

பணம் போனால் போகட்டும், கல்லீரல்தான் கவலை. கார்சினியா எடுத்த சிலருக்குச் சில வாரங்களிலேயே கல்லீரல் அழற்சி வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. 2025-இல் பிரான்ஸின் உணவுப் பாதுகாப்பு முகமை இதை எடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

அப்படியானால் குழம்பும் ஆபத்தா? இல்லை. அந்த இரண்டு துண்டின் புளிப்பு பானை முழுக்கக் கரைந்து, குடும்பமே பகிர்ந்து சாப்பிடுகிறது. துண்டைத் தட்டோரம் ஒதுக்கிவிடுகிறோம். மாத்திரையில் அப்படியில்லை. பிழிந்து செறிவாக்கிய அமிலம், தினமும், வாரக்கணக்கில், ஒரே ஆளுக்குள் போகிறது.

மலேசியாவில் விற்கும் சப்ளிமெண்ட் மாத்திரைக்கு தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் பதிவு எண் வேண்டும். 'எம்.ஏ.எல்' என்று தொடங்கி 'என்' என்று முடியும். பாரம்பரிய மருந்தானால் 'டி' என்று முடியும். அந்த எண்ணை முகமையின் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள். எண் இருந்தால் இளைத்துவிடுவீர்கள் என்று அர்த்தமில்லை. எண்ணே இல்லையென்றால் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. இதயத்தைப் பாதிப்பதால் பல நாடுகளில் நிறுத்தப்பட்ட சிபுட்ரமின், இப்படிப்பட்ட மாத்திரைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது.

ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்துவிட்டீர்களா? சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள்.